தோட்டாவைத் தள்ளிவிடுவதா, பிடித்துக்கொண்டு போவதா?

குயின்ஸ்லாந்தில் வேலை பார்க்கும் என் தங்கச்சி மகன் அங்கே துப்பாக்கி லைசென்ஸ் எடுத்திருக்கிறான். அந்த நாட்டில் காட்டுப்பன்றி வெளியிலிருந்து வந்து பெருகியது. பயிரை நாசம் செய்வதால் லைசென்ஸ் உள்ளவர்கள் சுடலாம். "மாமா, எந்த போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்கட்டும்?" என்று கேட்டான். ஒவ்வொரு குண்டுக்கும் பின்பக்கத் தண்டை (அதுதான் போல்ட்) கையால் இழுத்துத் தள்ளும் ரைஃபிள் அது. அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். நம்ம குமரி மாவட்டத்தில் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் அதிகம், இதில் ஆளுக்கொரு கருத்து இருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கீரிப்பாறை, பேச்சிப்பாறை ஓரங்களில் மரச்சீனி போட்டவர்கள் விடிந்து பார்த்தால் பாத்தி முழுக்கக் கிளறிக் கிடக்கும். அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். ஆனாலும் நாமாகத் துப்பாக்கி தூக்கக் கூடாது, வனத்துறை வழியாகத்தான் போக வேண்டும். இந்தப் பதிவு வேட்டைக்கு அனுமதி உள்ள நாட்டில் இருப்பவர்களுக்கு.

சரி, விஷயத்துக்கு வருவோம். போல்ட் ஆக்‌ஷனில் தோட்டா, அடுக்கி வைக்கும் மேகசினிலிருந்து குழலடியில் வெடிக்கும் அறையான சேம்பருக்குப் போக இரண்டு வழி. 1898 மவுசர் என்ற ஜெர்மன் ரைஃபிளில் போல்ட்டின் வலது பக்கம் நீளமாக ஒரு எஃகுப் பட்டை இருக்கும். அதுதான் எக்ஸ்ட்ராக்டர், தோட்டாவைப் பிடித்து வெளியே இழுக்கும் கொக்கி. போல்ட் திரும்பினாலும் அது திரும்பாது. தோட்டா மேகசினை விட்டு மேலே எழும்பும்போதே அதன் அடிவிளிம்பு அந்தக் கொக்கிக்குள் போய் மாட்டிக்கொள்ளும். அதன்பிறகு தோட்டா எங்கே போனாலும் போல்ட்டின் பிடியில்தான். இரண்டாவது வழி, 1962-ல் வந்த ரெமிங்டன் 700 மாதிரி. போல்ட் தோட்டாவைச் சும்மா முன்னால் தள்ளிவிடும். கடைசியில் போல்ட்டை அடைக்கும்போதுதான், உள்ளே இருக்கும் சின்ன எக்ஸ்ட்ராக்டர் விளிம்பைக் கவ்வும்.

என் கட்சி மவுசர் கட்சி. காரணம் இயந்திரத்தில் இல்லை, மனிதன் கையில் இருக்கிறது. பன்றி புதரை விட்டு எதிரே வருகிறது, முதல் குண்டு சரியாகப் படவில்லை என்று வையுங்கள். கை படபடக்கிறது. போல்ட்டை முன்னால் தள்ளியவன் முழுசாக அடைக்காமல் மறுபடி பின்னால் இழுத்துவிடுகிறான். தள்ளும் வகையில் அந்தத் தோட்டா சேம்பரிலேயே தங்கிவிடும், ஏனென்றால் அதை இன்னும் யாரும் கவ்வவில்லை. அடுத்த முறை தள்ளும்போது இரண்டாவது தோட்டாவின் மூக்கு முதல் தோட்டாவின் பின்புறத்தில் போய் முட்டும். ரைஃபிள் அங்கேயே அடைத்து நிற்கும். மவுசரில் எந்த இடத்தில் இழுத்தாலும் அந்தத் தோட்டா கூடவே வந்து வெளியே விழும். பதற்றத்தில் வரும் தவறுக்கு இடம் கொடுக்கிற வடிவமைப்பு அதுதான்.

ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டுக்கு 1907-ல் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பி ரைஃபிளும் மவுசர் ஆக்‌ஷன்தான். வின்செஸ்டர் 70 என்று 1936-ல் வந்த ரைஃபிளும் இந்த முறையில்தான் இருந்தது. 1964-ல் செலவைக் குறைக்கத் தள்ளும் முறைக்கு மாற்றினார்கள். வேட்டைக்காரர்கள் பொருமித் தீர்த்தார்கள், பழசுக்கு விலை ஏறியது, பிறகு 1990-களில் கம்பெனியே பழைய முறையைத் திரும்பக் கொண்டுவந்தது.

"நம்ம பட்டாளத்து த்ரீ நாட் த்ரீ (.303) ரைஃபிளும் தள்ளுகிற வகைதானே அண்ணாச்சி, ரெண்டு உலகப் போர் பார்க்கலையா?" என்று கேட்பீர்கள். பார்த்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே முழுசாகத் தள்ளு, முழுசாக இழு என்று கைக்குப் பழக்கமாகும் வரை பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் விடமாட்டார். லீவு நாளில் மட்டும் துப்பாக்கியைத் தொடுபவனுக்கு அந்தக் கை வராது. அதோடு த்ரீ நாட் த்ரீ தோட்டாவுக்குப் பின்னால் துருத்திய விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மேலே வராது. அதே ஆக்‌ஷனில் நம் நாட்டில் செய்த 315 ரைஃபிளுக்கும் இந்தத் தொல்லை உண்டு. லோடு பண்ணும்போதே பார்த்து அடுக்க வேண்டும்.

மவுசரிலும் ஒரு வசதிக்குறைவு உண்டு. அசல் வடிவமைப்பில் ஒற்றைத் தோட்டாவை நேராகச் சேம்பரில் போட்டு போல்ட்டை அடைக்கக் கூடாது. கொக்கி விளிம்பின் மேல் ஏறிப் பிடிக்கச் செய்தது அல்ல, நாளடைவில் உடையும். மேகசினுக்குள் அமுக்கித்தான் போட வேண்டும்.

ஆனால் கொக்கியைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள் மேகசினை மறந்துவிடுகிறார்கள். அடைப்பு பாதி அங்கிருந்துதான் வருகிறது. கழற்றும் மேகசினின் வாய்த்தகடு கொஞ்சம் வளைந்தால் போதும், தோட்டா கோணலாக எழும்பும். ஈயமூக்குத் தோட்டா, சுடும்போது துப்பாக்கி உதைக்கும் ஒவ்வொரு முறையும் மேகசின் முன்சுவரில் மோதி மூக்கு நசுங்கும், அப்புறம் சேம்பர் வாயில் இடறும். அதோடு, கழற்றும் மேகசின் காட்டில் தொலைந்தால் கையில் இருப்பது ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிதான். நான் அடியில் தகடு வைத்த நிலையான மேகசினையே சொல்வேன்.

மருமகனிடம் சொன்னது இதுதான். பிராண்டு பெயரைப் பார்த்துப் பணம் கொடுக்காதே. கடைக்காரரிடம் டம்மி ரவுண்டு (மருந்தில்லாத போலித் தோட்டா) கேள். மேகசினை நிறைத்து மெதுவாக ஒரு முறை, வேகமாக ஒரு முறை போல்ட்டை ஓட்டு. ரைஃபிளைப் பக்கவாட்டில் சாய்த்து ஓட்டு. பாதியில் நிறுத்தி வேண்டுமென்றே பின்னால் இழுத்துப் பார். எங்கேயாவது இடறினால் அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததைக் கேள். தள்ளும் வகைதான் பட்ஜெட்டுக்குள் வருகிறது என்றால் வாங்கு, ஆனால் காட்டுக்குப் போவதற்கு முன்னால் போல்ட்டை முழுசாக ஓட்டுவது கைக்குப் பழகும் வரை டம்மியிலேயே பழகு.