விலாசம் மாறியதால் போன நாலு வருஷம்

அரசு தரும் வீட்டுக்கோ வாடகை உதவிக்கோ நாலு வருஷம் காத்திருந்த ஒரு அக்காவின் பெயரைக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடிதத்துக்குப் பதில் வரவில்லையாம். "உங்களுக்கு இன்னும் வீட்டு உதவி தேவையா? தேவையென்றால் இந்தத் தேதிக்குள் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவும்" என்று கேட்ட ஒற்றைப் பக்கக் கடிதம். அது அவர் இரண்டு வீட்டுக்கு முன்னால் குடியிருந்த விலாசத்துக்குப் போயிருக்கிறது. அங்கே இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள்.

அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தது நான்தான். வருமானம், பிறந்த தேதி, குடும்பத்தில் எத்தனை பேர் என்று ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். "வீடு மாறினால் உடனே அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள்" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. எப்படித் தோன்றும்? வாடகை ஏறியபோதெல்லாம் பிள்ளைகளையும் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு மாறியவர் அவர். அந்த நேரத்தில் எப்போதோ போட்ட மனுவைப் பற்றி யார் நினைப்பார்கள்?

சில வருஷங்களாக, நேரம் கிடைக்கும்போது வீட்டு உதவி விண்ணப்பங்களை எழுத உதவி செய்து வருகிறேன். இதை எழுத நினைத்ததற்குக் காரணம் ஒன்றுதான். தகுதி இல்லாமல் உதவி கிடைக்காமல் போகிறவர்களை விட, தகுதி இருந்தும் காகிதத்தில் வழுக்கி விழுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர்கள் விழுகிற இடங்கள் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றேதான்.

முதலில் இந்தக் கடித விஷயத்தையே பேசிவிடுகிறேன். காத்திருப்போர் பட்டியலை அவ்வப்போது புதுப்பிப்பது பல ஊர்களில் வழக்கம். அதில் நியாயம் இருக்கிறது. பட்டியலில் உள்ள சிலர் இறந்திருப்பார்கள், சிலருக்கு வேறு வழியில் வீடு கிடைத்திருக்கும், சிலர் ஊரையே விட்டுப் போயிருப்பார்கள். ஒரு வீடு காலியானதும் அவர்களை ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டிருந்தால் வீடு பூட்டியே கிடக்கும். அதனால் கடிதம் அனுப்புகிறார்கள், அதுவரை சரி. ஆனால் பதில் வராததை "தேவை இல்லை" என்று எடுத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அடிக்கடி வீடு மாறுவது யார்? நிலையான வீடு இல்லாதவர்கள்தான். அந்தப் பட்டியலில் இருப்பதும் அவர்கள்தான். ஆக, உதவி யாருக்கு மிக அவசரமோ, அவர்களுக்குக் கடிதம் போய்ச் சேராமல் இருக்கும் வாய்ப்புதான் அதிகம்.

அமெரிக்காவின் வாடகை உதவித் திட்ட விதிகளில் ஒரு நல்ல அம்சம் உண்டு. வீட்டில் ஒருவருக்கு உள்ள உடல் குறைபாடு காரணமாக ஒரு குடும்பத்தால் கடிதத்துக்குப் பதில் எழுத முடியாமல் போயிருந்தால், அந்தப் பெயரைப் பட்டியலின் கடைசியில் சேர்க்கக் கூடாது. முன்பு இருந்த அதே இடத்தில் மறுபடி சேர்க்க வேண்டும். இந்த நியாயத்தை இன்னும் கொஞ்சம் விரித்தால் என்ன என்று கேட்கிறேன். வாடகை கொடுக்க முடியாமல் வீடு மாறியவருக்கும், வீட்டைக் காலி செய்ய வைக்கப்பட்டவருக்கும் அதே உரிமை கிடைக்க வேண்டாமா? பெயரை எடுப்பதற்கு முன் ஒரு ஃபோன், ஒரு குறுஞ்செய்தி, விண்ணப்பத்திலேயே இரண்டாவதாக ஒருவரின் விலாசம். இவ்வளவுதான் தேவை. இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டாம்.

அந்த மாற்றம் வரும்வரை நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். வீடு மாறினால், செல்பேசி எண் மாறினால், குழந்தை பிறந்தால், வேலை போனால், எதுவானாலும் எழுத்தில் தெரிவியுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. மனு எண்ணையும் ஒப்புகைச் சீட்டையும் படம் எடுத்து உங்களுக்கும் நம்பிக்கையான இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

மின்னஞ்சல் கதை இன்னும் மோசம். இணையத்தில் விண்ணப்பிக்க மின்னஞ்சல் கட்டாயம் என்பார்கள். யாரோ ஒருவர் அந்த நிமிஷத்துக்காக ஒரு மின்னஞ்சலை உருவாக்கி, கடவுச்சொல்லையும் தானே போட்டு, மனுவை அனுப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அதற்குப் பிறகு வரும் அறிவிப்புகள் எல்லாம் யாரும் திறக்காத அந்தப் பெட்டியில்தான் விழும். ஒரு முறை ஒருவரின் பெட்டியை ஒருவழியாக மீட்டுத் திறந்தோம். நேர்காணலுக்கு வரச் சொன்ன கடிதம் ஏழு மாதமாக அதற்குள் கிடந்தது. அவர் எதுவும் பேசவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது வருமானச் சான்று. மாதச் சம்பளக்காரர்களை மனதில் வைத்துச் செய்த படிவம் அது. கடைசி சில மாதங்களின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வேலை கொடுத்தவரின் கடிதம் கேட்பார்கள். நாலு வீட்டில் வேலை செய்கிறவரிடமோ, அன்றாடம் கூலி வாங்குகிறவரிடமோ இவை எப்படி இருக்கும்? இந்தக் கட்டத்தைப் பார்த்ததும் பாதிப் பேர் படிவத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். ஆனால் பல திட்டங்களில் சுய அறிக்கையை ஏற்பார்கள். எந்த நாளில் எங்கே வேலை, எவ்வளவு கூலி என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தால், அதை வைத்து அறிக்கை தயாரிக்கலாம். வேலை தருபவர் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. அப்புறம், கையில் வருவதை மட்டும் எழுதிவிடுவது பலர் செய்யும் தவறு. பொதுவாகக் கேட்பது பிடித்தம் போவதற்கு முந்தைய மொத்த வருமானம், அதுவும் வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோருடையதும் சேர்த்து. அம்மாவுக்கு வரும் ஓய்வூதியத்தையும் எழுத வேண்டும். தம்பி கூடவே தங்கியிருந்தால் அவரையும் எழுத வேண்டும். பெயரை விட்டால் தகுதி கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பின்னால் தெரியவந்தால் கிடைத்த வீடும் போகும், வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டும் நிலையும் வரலாம்.

இதை விட எனக்கு மனசு வலிக்கிற இடம் வேறு. படிவத்தில் "தற்போதைய வசிப்பிட நிலை" என்று ஒரு கட்டம் இருக்கும். இரண்டு குழந்தைகளோடு தங்கையின் வீட்டுக் கூடத்தில், எல்லோரும் தூங்கிய பிறகு பாயை விரிக்கிற ஒரு பெண், அதில் "உறவினர் வீட்டில் வசிக்கிறேன்" என்று எழுதினார். அழகான கையெழுத்து. படிக்கிற அதிகாரிக்கு அது ஒரு கூட்டுக் குடும்பம் போலத்தான் தெரியும். தங்கையின் கணவர் மாதக் கடைசிக்குள் கிளம்பச் சொன்னதை எழுதவில்லை. குழந்தைகள் பள்ளிக்குப் போகும் தூரத்தை எழுதவில்லை. எதற்காகத் தன் வீட்டை விட்டு வந்தார் என்பதையும் எழுதவில்லை. கேட்டபோது, "இதையெல்லாமா எழுதுவாங்க" என்றார்.

எழுத வேண்டும். இடநெருக்கடி, வீட்டுக்குள் அடி உதை, முதுமை, உடல் குறைபாடு, நோய், வெளியேற்றும் அறிவிப்பு இவற்றை வைத்துத்தான் பெரும்பாலான திட்டங்களில் முன்னுரிமை முடிவாகிறது. மானத்தை நினைத்து நாம் மறைக்கிற விஷயங்கள்தான் நம்மை வரிசையில் முன்னால் கொண்டுபோகக்கூடியவை. இங்கிலாந்தில் 1977-இலேயே வீடற்றோருக்காக ஒரு சட்டம் வந்தது. குழந்தைகள் உள்ள குடும்பம், முதியவர், கர்ப்பிணி போன்றவர்களுக்கு வீடு இல்லை என்றால் உதவ வேண்டிய கடமையை அது உள்ளாட்சியின் மேல் சுமத்தியது. ஆனால் அந்தக் கடமை நம் கதவைத் தானாக வந்து தட்டாது. நம் நிலைமையை நாம் எழுதினால்தான் கோப்பில் ஏறும். மருத்துவரின் கடிதம், பள்ளியின் கடிதம், வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்ன செய்தியின் படம், எது இருந்தாலும் இணையுங்கள்.

மானம் என்று சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். 1948-ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம், 25-ஆம் பிரிவில், உணவோடும் உடையோடும் மருத்துவத்தோடும் சேர்த்து வீட்டையும் உரிமையாகத்தான் வைத்திருக்கிறது. வியன்னாவில் நகர மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நகராட்சி வீடுகளிலோ மானியம் பெற்ற வீடுகளிலோதான் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் 1960-இல் தொடங்கிய வீட்டு வசதி வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளில்தான் அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் வாழ்கிறார்கள். அங்கெல்லாம் அரசு கட்டிய வீட்டில் இருப்பதை யாரும் தலைகுனிவாக நினைப்பதில்லை. இங்கே படிவத்தை வாங்க வரும்போதே முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு வருகிறவர்களை நான் பார்க்கிறேன்.

கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் 'செக்‌ஷன் 8' என்ற வாடகை உதவி 1974-இலிருந்து நடக்கிறது. குடும்பம் தன் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தை வாடகைக்குக் கொடுக்கும், மீதியை உள்ளூர் வீட்டு வசதி அமைப்பு வீட்டுக்காரருக்குக் கட்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த நாட்டில் மத்திய அரசின் வாடகை உதவிக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் சுமார் நாலில் ஒன்றுக்குத்தான் உதவி கிடைக்கிறது. பல ஊர்களில் பட்டியல் வருஷக்கணக்கில் மூடியே இருக்கும். திறந்தால் சில நாள்தான், அதிலும் குலுக்கல். ஒவ்வொரு ஊரின் பட்டியலும் தனித்தனி. அதனால் ஒன்றில் மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்காமல், அனுமதி உள்ள பக்கத்து ஊர்களிலும் போட்டு வைப்பது நல்லது. உதவி ஒப்புதலான பிறகும் வீட்டை நாம்தான் தேட வேண்டும். முதலில் கொடுக்கும் அவகாசம் குறைந்தது 60 நாள். அதற்குள் ஒத்துக்கொள்ளும் வீட்டுக்காரர் கிடைக்காமல் கைக்கு வந்ததைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. அவகாசத்தை நீட்டிக்கக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

இந்தியாவில் வேறு மாதிரிச் சிக்கல். 2016-இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்துக்குப் பயனாளிகளை 2011 சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்து, கிராம சபையில் சரிபார்த்தார்கள். அந்தக் கணக்கெடுப்பில் விடுபட்டவர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டியிருந்தது. அவர்களுக்காகப் பிறகு 'ஆவாஸ் பிளஸ்' என்று தனியாக ஒரு கணக்கெடுப்பே நடத்தினார்கள். கணக்கெடுக்க ஆள் வரும் நாளில் வேலை தேடி வெளியூரில் இருப்பவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இடைத்தரகர்களைப் பற்றிச் சுருக்கமாக. படிவம் பொதுவாக இலவசம். பட்டியலில் மேலே ஏற்றுகிறேன் என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுகிறார்.

மறுப்புக் கடிதம் வந்தால் என்ன செய்வது? இதற்குத்தான் நான் அதிகம் சண்டை போடுகிறேன். "அரசாங்கமே இல்லைன்னு சொல்லிடுச்சு" என்று கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அதைப் பிரித்து இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்: மறுத்ததன் காரணம், மேல்முறையீடு செய்யக் கடைசித் தேதி. இங்கிலாந்தில் வீடற்றோர் தொடர்பான முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்க 21 நாள்தான். வேறு இடங்களிலும் அவகாசம் இப்படிக் குறைவாகவே இருக்கும். வருமானம் அதிகம் என்று ஒரு குடும்பத்தை மறுத்திருந்தார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தால், அப்பா இறந்தபோது ஒரே ஒரு முறை வந்த காப்பீட்டுத் தொகையை மாத வருமானத்தோடு சேர்த்திருந்தார்கள். காப்பீட்டுக் கடிதத்தின் நகலோடு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தோம். ஆறு வாரத்தில் முடிவு மாறியது. அந்த அலுவலரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் மேசையில் அன்றைக்கு எத்தனை கோப்பு இருந்ததோ. ஆனால் அந்த மகன் கடிதத்தை என்னிடம் காட்டாமல் இருந்திருந்தால், தவறு தவறாகவே நின்றிருக்கும்.

எழுதப் படிக்கத் தெரிந்த நாம் ஒவ்வொருவரும் தெரிந்த ஒரே ஒரு குடும்பத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும் என்று முன்பெல்லாம் நினைப்பேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. ஒரு மணி நேரம் போதாது. மனு போட்ட பிறகு மாதங்களும் வருஷங்களும் கூடவே இருக்க வேண்டும். அந்த அக்காவுக்கு நான் செய்யத் தவறியது அதைத்தான்.

அவருக்குப் புதிதாக விண்ணப்பித்திருக்கிறோம். பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை, கேட்டுப் பார்த்துவிட்டோம். இரண்டாவது தொடர்பு என்ற கட்டத்தில் இந்த முறை என் பெயரும் விலாசமும் இருக்கிறது. போன மாதம் அவர் மறுபடியும் வீடு மாறினார். சாமான்களை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே ஃபோன் செய்து, புது விலாசத்தை எழுத்துக் கூட்டிச் சொன்னார். அன்று மாலையே அலுவலகத்துக்கு எழுதிப் போட்டோம். மூன்றாம் நாள் ஒப்புகை வந்துவிட்டது.