ஹோட்டல் வேலையும் அனுபவம்தான்

ஹோட்டலிலும் ஜவுளிக்கடையிலும் நின்று உழைக்கும் பிள்ளைகளிடம் “ஆறே மாதத்தில் ஐடி வேலை” என்று ஆசை காட்டிக் கட்டணம் கறப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாடத்துக்கா இன்று பஞ்சம்? ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகளைக் காசில்லாமல் பார்க்கலாம். சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பில், ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுதாமலேயே தகுதித் தேர்வு வழியாகச் சேரலாம். படிக்கப் பொழுதுதான் இல்லை. காலையில் கடைக்குள் போகிறவர் இரவு பத்து மணிக்கு வெளியே வருகிறார். (கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்ததே 2021இல்தான்!) அந்தக் கால் வலியோடு பைத்தான் நிரல்மொழிப் பாடத்தைத் திறந்து வைத்தால் இரண்டாவது வரியிலேயே கண் சொக்கும்.

அதையும் தாண்டிப் படித்தவரை அடுத்து மடக்குவது விண்ணப்பப் படிவம். பட்டம் முடித்த ஆண்டு, அறுபது சதவீத மதிப்பெண், படிப்புக்கும் வேலைக்கும் நடுவே இடைவெளி ஏன் என்ற கேள்வி. நான் ஹோட்டலில் கேஷியராக இருந்த ஆண்டுகளையும் ஒரு நேர்காணலில் “இடைவெளி” என்றுதான் குறித்துக்கொண்டார்கள். மதிய நேரக் கூட்டத்தில் கல்லாவில் நின்றவனுக்குத் தெரியும், அது எப்படிப்பட்ட இடைவெளி என்று.

இப்போது நான் பார்ப்பது மென்பொருள் சோதனை வேலை. ஹோட்டல் பில்லிங் மென்பொருள் ஒன்று கைக்கு வந்தால், கணினி மட்டுமே படித்தவர் ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. சரியாகக் கூட்டுகிறதா என்று பார்ப்பார். எனக்கு வேறு கேள்விகள் வரும். ஆர்டர் சீட்டு சமையலறைக்குப் போன பிறகு ஒரு வடையை வேண்டாம் என்றால்? மூன்றாம் மேசைக்காரர் எழுந்துபோய் ஏழாம் மேசை நண்பர்களோடு உட்கார்ந்துகொண்டு, பில்லை மட்டும் தனித்தனியாகக் கேட்டால்? யுபிஐ-யில் வாடிக்கையாளரின் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, நமக்கு இன்னும் வந்து சேரவில்லை, பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். பில்லை மூடுவதா, நிறுத்தி வைப்பதா? இவற்றை எந்தப் பயிற்சி மையத்திலும் சொல்லித் தரவில்லை. மேசை மாற்றும்போது சீட்டு இரண்டு முறை அச்சாகிற பிழையை முதல் வாரமே பிடித்தேன். காரணம் புத்திசாலித்தனம் அல்ல. அதே பிழைக்காக மாஸ்டரிடம் திட்டு வாங்கியவன் நான்.

அதனால் ஐடி வேலைக்கு எப்படிப் போவது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்கிறேன். பெரிய நிறுவனத்தின் வாசலில் இருபத்தொரு வயதுக்காரர்களோடு வரிசையில் நிற்காதீர்கள். உங்கள் கடையில் ஓடும் மென்பொருளை யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். அதை நிறுவ, கடைக்காரர்களுக்குக் கற்றுத்தர, புகார் வந்தால் தீர்க்க அவர்களுக்கு ஆள் தேவைப்படும். அந்த வழியாக உள்ளே போய்விட்டு, சோதனையோ நிரலோ பிறகு படித்துக்கொள்ளலாம்.

முதல் சம்பளம் கடையில் வாங்கியதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். டிப்ஸ் போய்விடும், இரண்டு வேளைச் சாப்பாடும் இனி கைக்காசில்தான். சேருவதற்கு முன்பே இதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.