"கால் வலி சார்"

அக்கா மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வியாசர்பாடிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளி. கோ-கோவில் அவளைத் துரத்திப் பிடிப்பது கஷ்டம். போன மாதம் குறுவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தவள் திடீரென்று பி.டி. மாஸ்டரிடம் போய் "கால் வலி சார்" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டாள்.

காலில் ஒன்றுமில்லை. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. ஜெர்சி 450, வேன் 150. அடியில் சிவப்பு மையில் 'நாளைக்குள்'. அக்கா தையல் வேலைக்குப் போகிறவள். மாதக் கடைசியில் அம்மாவிடம் 600 ரூபாய் கேட்கக் கூடாது என்று பிள்ளை தானாகவே முடிவெடுத்துவிட்டது.

மாஸ்டரைத் திட்ட மனம் வரவில்லை. போட்டி நாளில் பிள்ளைகளுக்கு டிபன் வாங்கித் தருவது அவர் கைக்காசில்தான். ஆனால் அவர் சொன்ன ஒரு வார்த்தை உறுத்துகிறது. "முடியாதவங்க தனியா வந்து சொன்னா நான் பார்த்துக்க மாட்டேனா?" அந்தத் 'தனியா'தான் சிக்கல். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று வீட்டு நிலைமையைச் சொல்வதைவிட, பதின்மூன்று வயசுக்குக் கால் வலி சுலபம்.

இதே பேச்சு கலிபோர்னியாவில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1978-இல் அங்கே சொத்து வரிக்கு வரம்பு கட்டியதும் பள்ளிகளின் வருமானம் சுருங்கியது. சாண்டா பார்பராவில் விளையாட்டு, இசை, நாடகம் என்று ஒவ்வொன்றுக்கும் 25 டாலர் கேட்டார்கள். ஏழைகளுக்கு விலக்கும் உண்டு என்றார்கள். 1984-இல் ஹார்ட்செல் வழக்கில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதை ஒப்பவில்லை. இலவசப் பள்ளி என்றால் இவையும் அதில் சேர்த்திதான், விலக்கு கொடுப்பதால் கட்டணம் நியாயமாகிவிடாது என்று சொல்லிவிட்டது.

நம் ஊருக்கு வருவோம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, தொடக்கக் கல்வியைத் தொடரவும் முடிக்கவும் தடையாகக்கூடிய எந்தக் கட்டணமும் செலவும் பிள்ளை தலையில் விழக் கூடாது என்கிறது. சந்து இருப்பது அந்த வாசகத்தில்தான். கோ-கோ ஆடாவிட்டால் படிப்பா நின்றுவிடும் என்று யாரும் கேட்கலாம். கேட்கட்டும். அதே சட்டத்தின் அட்டவணைதான் பள்ளிக்கு மைதானமும் விளையாட்டுச் சாமான்களும் வேண்டும் என்கிறது. மைதானம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தி, அதில் ஓடுகிற பிள்ளையின் சட்டை மட்டும் சேர்த்தி இல்லையா? என்னைக் கேட்டால், பள்ளி பெயரில் ஆடப் போகிற பிள்ளையிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ஏழை, வசதியானவர் என்று பிரிக்கவே வேண்டாம்.

அரசு எத்தனைக்குத்தான் பணம் கொடுக்கும் என்பார்கள். சரி, பதினைந்து ஜெர்சியைப் பள்ளிப் பணத்தில் வாங்கி பீரோவில் வைத்துத் துவைத்துத் துவைத்துப் போடலாமே? வருஷா வருஷம் முதுகில் பிள்ளையின் பெயரை அடித்துத் தருவது யாருடைய ஆசை?

எழுதும்போதே ஒன்று இடிக்கிறது. அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. இவள் ஜூனில் ஒன்பதாம் வகுப்பு. மாவட்டம், மாநிலம் என்று ஓட வேண்டிய வயசு அதற்கு அப்புறம்தான் வருகிறது.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அக்காவோடு நானும் போகிறேன். வசூலித்த பணத்துக்கு ரசீது உண்டா என்றுதான் முதலில் கேட்கப் போகிறேன். "நீ ஒண்ணும் பேசாத சித்தி, மாஸ்டர் கோவிச்சுப்பார்" என்று இப்போதே கெஞ்சிக்கொண்டிருக்கிறாள்.