இரண்டு நாள் பயிற்சி போதாது

"சிகிச்சையாளர்கள் இரண்டு நாள் மைண்ட்ஃபுல்னெஸ் (மூச்சு, உடல், எண்ணம் என அந்தந்தக் கணத்தில் நடப்பதை விழிப்போடு கவனிக்கும் பயிற்சி) வகுப்புக்குப் போனால் போதும், எந்த மனச்சோர்வையும் மாத்திரை இல்லாமல் குணப்படுத்திவிடலாம், பக்கவிளைவே கிடையாது" என்று ஒரு பதிவில் எழுதியிருக்கிறார்கள். பாதி கேட்டு எழுதியது போல இருக்கிறது.

சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் உருவாக்கிய 8 வார மைண்ட்ஃபுல்னெஸ் சிகிச்சை, மனச்சோர்விலிருந்து மீண்டவர்களுக்கு அது திரும்ப வராமல் தடுப்பதற்காக வந்தது. 2000-இல் வெளியான அவர்களது ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டவர்களிடம் மறுபடி வருவது 66 சதவீதத்திலிருந்து 37 ஆகக் குறைந்தது. இரண்டே முறை வந்தவர்களிடம் பலன் தெரியவில்லை. "எந்த மனச்சோர்வும்" எங்கிருந்து வந்தது? மாத்திரையை நிறுத்துவதெல்லாம் மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியது.

பக்கவிளைவு விஷயம் இன்னும் சிக்கல். பழைய அதிர்ச்சி உள்ள ஒருவரிடம் "கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள்" என்றால், சிலருக்கு நெஞ்சு படபடத்து அந்தச் சம்பவமே கண்முன் வந்துவிடும். அப்போது கண்ணைத் திறக்கச் சொல்லி, தரையில் பதிந்த பாதத்துக்கோ அறையின் சத்தத்துக்கோ கவனத்தைத் திருப்பத் தெரிய வேண்டும். கருணைப் பயிற்சியும் அப்படித்தான். தன்னையே திட்டிக்கொண்டு வளர்ந்தவர்களுக்குத் தன்மேல் கனிவு காட்டுவது முதலில் பயத்தையே கிளப்பும் என்கிறார் கருணையை மையமாகக் கொண்ட சிகிச்சையை உருவாக்கிய உளவியலாளர் பால் கில்பர்ட்.

இதையெல்லாம் கையாளத்தான் சிகிச்சையாளருக்குச் சொந்தமாகத் தினசரிப் பயிற்சி, அப்புறம் அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையில் குழு நடத்திப் பழகுவது என்று மாதக்கணக்கில் போகிறது. இரண்டு நாள் வகுப்பு அறிமுகத்துக்குச் சரி.