விடையைச் சொல்லாதீர்கள், வழியைச் சொல்லுங்கள்

குறுக்கெழுத்துப் புதிரைக் கூடியிருந்து நிரப்புவது கள்ள வேலை என்று நினைப்பவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். ஒருவரிடமும் கேட்காமல், ஒரு மூலையில் ஒதுங்கி இருந்து, தானாக முடிப்பவர்தான் கெட்டிக்காரர் என்று ஓர் எண்ணம். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. கடினமான சொற்புதிர், அதிலும் உள்ளே ஓர் இரகசியக் குறியீடு ஒளிந்திருக்கும் புதிர், ஒருவருக்கென்று ஆனதே அல்ல. நாலு பேர் கூடினால்தான் அதன் முழு அழகும் வெளியே வரும்.

திருகோணமலையில் நாங்கள் சிலர் ஞாயிறு பின்னேரங்களில் உவர்மலையில் ஒரு வீட்டு முற்றத்தில் கூடுகிறோம். இடையில் வட்ஸ்அப்பிலும் பேச்சு ஓடும். புதிர் போடுபவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எல்லோருக்கும் அவர் 'சேர்'தான். பழைய வைத்திய ஏடுகள் வாசிக்கத் தெரிந்த ஓர் ஐயா, கிண்ணியாவிலிருந்து வரும் மீன்பிடிக்கார நானா ஒருவர், வங்கியில் வேலை செய்யும் ஓர் அக்கா, சாதாரண தரத்துக்குப் படிக்கும் ஒரு பிள்ளை, அப்புறம் நான். வேறு எந்த அலுவலுக்காகவும் நாங்கள் ஒரே முற்றத்தில் இருந்திருக்க மாட்டோம்.

அண்மையில் சேர் கொண்டுவந்த புதிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்வைக்குச் சாதாரணக் குறுக்கெழுத்து. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், எல்லாம் வழமைபோல. ஆனால் கட்டங்களுக்குக் கீழே நாலு எழுத்துகள் தனியே நின்றன: ங ச உ க. அதன் பக்கத்தில், 'எங்கே குளிக்கப் போகலாம்?' என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான்.

முதலில் எல்லோரும் அந்த நாலு எழுத்தோடு மல்லுக்கட்டினோம். மாற்றி வைத்தோம், திருப்பி வைத்தோம், நடுவில் எழுத்தைப் போட்டுப் பார்த்தோம். 'ங' என்று தொடங்கி என்னத்தை எழுதுவது? சரி, கட்டங்களை நிரப்பிவிட்டு வருவோம் என்று மேலே போனோம்.

ஒரு குறிப்பு இப்படி இருந்தது: 'சோளத்துக்குள் ஒன்று புகுந்தது, தெற்கிலிருந்து காற்று வந்தது'. நாலு எழுத்து. நானா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சோளகம்" என்றார். கடலில் நிற்பவருக்குச் சோளகமும் வாடையும் கொண்டலும் கச்சானும் நாளாந்தப் பேச்சு. எங்களைப்போலக் கரையில் இருப்பவர்களுக்கு அவை பாட்டில் கேட்ட சொற்கள். சிலர் அதைச் சோழகம் என்றும் எழுதுவார்கள் என்று அக்கா தடுத்தார். மேலிருந்து கீழாக வந்த 'துளசி' ளகரத்தைக் கொடுத்து அந்த வழக்கைத் தீர்த்துவைத்தது. ஆனால் ஒரு கேள்வி நின்றது. சோளத்துக்குள் புகுந்தது 'க' என்ற எழுத்து. குறிப்பில் இருப்பதோ 'ஒன்று'. விடை சரி, வழி தெரியவில்லை. பல குழுக்கள் இந்த இடத்தில் அடுத்த குறிப்புக்குத் தாவிவிடும். எங்கள் பிள்ளை விடவில்லை. "க எப்பிடி ஒண்டாகும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஐயாதான் பதில் வைத்திருந்தார். தமிழ் எண்களில் ஒன்றுக்குக் 'க', இரண்டுக்கு 'உ', மூன்றுக்கு 'ங', நாலுக்கு 'ச', எட்டுக்கு 'அ', பத்துக்கு 'ய'. கால் என்ற பின்னத்துக்கு 'வ'. ஔவையார் பாடியதாகச் சொல்லப்படும் தனிப்பாடலில் 'எட்டேகால் லட்சணமே' என்று வரும்; எட்டும் காலும் சேர்ந்தால் 'அவ', ஆக அவலட்சணமே என்று திட்டு. இதை ஐயா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா தாளின் அடியைப் பார்த்தார். ங ச உ க. மூன்று, நாலு, இரண்டு, ஒன்று.

அந்த நேரத்தில் முற்றத்தில் எழும்பிய சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

எண்கள் கிடைத்துவிட்டன. எதை எண்ணுவது? விடைகளிலிருந்து எழுத்துகளைப் பொறுக்க வேண்டும் என்பது விளங்கியது. எந்த விடைகளிலிருந்து என்பது விளங்கவில்லை. இதைக் கண்டுபிடித்ததும் பிள்ளைதான். எல்லாக் குறிப்புகளும் முற்றுப்புள்ளியோடு முடிய, நாலு குறிப்புகள் மட்டும் புள்ளி இல்லாமல் நின்றன. அச்சுப் பிழை என்று பெரியவர்கள் கண் தாண்டிப் போய்விடும் விஷயம் அது. பரீட்சைக்காக நிறுத்தற்குறிகளைப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையின் கண்ணில் பட்டது.

அந்த நாலில் ஒன்று சோளகம். இன்னொன்று, 'கடற்கரையில் சுருளில் வாங்கலாம், மேற்கிலிருந்து அனலாய் அடிக்கும்'. கச்சான், எங்களுக்கு நிலக்கடலையும் அதுதான், அந்தக் காற்றும் அதுதான். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: 'இராமனைக் காட்டுக்கு அனுப்பியவள், சம்பலிலும் இருக்கிறாள்'. இரண்டு எழுத்து. பிள்ளைக்கு மந்தரையைத் தெரியும், அவளுக்குக் கூனி என்று பெயர் இருப்பதும் தெரியும். சம்பலில் போடும் சின்ன இறாலைக் கூனி என்று சொல்வது தெரியாது. நானாவுக்கு இறால் தெரியும், இராமாயணக் கதையில் அந்த இடம் தெரியாது. ஒருவரிடம் பாதி, மற்றவரிடம் மறுபாதி. இருவரும் ஒரே நேரத்தில் "கூனி" என்றார்கள். கடைசி, 'நரம்பு அறுந்த பிறகும் வடக்கே போகும் கடிதத்தில் இருக்கும்'. யாழ், நரம்புள்ள வாத்தியமும் அதுதான், யாழ்ப்பாணத்தின் சுருக்கமும் அதுதான்.

இப்போது எண்ணிப் பாருங்கள். சோளகத்தில் மூன்றாவது எழுத்து, கச்சானில் நாலாவது, கூனியில் இரண்டாவது, யாழில் முதலாவது. கன்னியா. ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கிற எங்கள் கன்னியா. எங்கே குளிக்கப் போகலாம் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் திருகோணமலையில் கிடையாது.

இதைத் தனியாக அவிழ்க்க யாராலும் முடியாது என்று நான் சொல்லவில்லை. யாராவது முடிக்கலாம். ஆனால் அப்படி முடித்தவருக்கு நானாவின் காற்றும் ஐயாவின் ஏடும் கிடைத்திருக்காது. எனக்கு அந்த இழப்பு பெரிதாகப் படுகிறது.

எங்கள் முற்றத்தில் ஒரே ஒரு சட்டம் உண்டு. விடை தெரிந்தவர் விடையைச் சொல்லக்கூடாது. வந்த வழியைச் சொல்லலாம். நானா "சோளகம்" என்று உடைத்துவிட்டதற்குச் சேர் அன்றே செல்லமாகக் கண்டித்தார், அது வேறு கதை. இந்தச் சட்டத்தோடு ஒட்டிய வழக்கம் ஒன்றும் உண்டு: தவறான ஊகத்தையும் உரத்துச் சொல்ல வேண்டும், அதைத் தாளின் ஓரத்தில் எழுதியும் வைக்க வேண்டும். பிழையான சொல் இன்னொருவர் தலைக்குள் சரியான சொல்லைக் கிளப்பிவிடும். ஊகத்தை வாய்க்குள் வைத்திருப்பவரால் கூட்டத்துக்கு ஒரு பயனும் இல்லை.

உலகப் போர்க்காலக் கதை ஒன்றும் இதற்குப் பொருந்தும். 1942 ஜனவரியில் லண்டனின் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை 12 நிமிடத்தில் குறுக்கெழுத்தை முடிக்கும் போட்டி ஒன்றை வைத்தது. நன்றாகச் செய்தவர்கள் சிலரைத் தேடிப்போய் பிளெட்ச்லி பார்க்கில் எதிரியின் சங்கேதங்களை உடைக்கும் வேலைக்கு எடுத்தார்கள். இந்தக் கதையைச் சொல்பவர்கள் 12 நிமிடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே போனவர்கள் அதன் பிறகு தனியாக வேலை செய்யவில்லை என்பதுதான் முக்கியம். ஒருவர் கண்ட துண்டை மற்றவர் பார்க்கும்படி அட்டைகளில் குறித்து வைத்து, ஆண்டுக்கணக்காகக் கூடி உழைத்தார்கள்.

அதே ஆண்டு அந்த வேலை எங்கள் கரைக்கும் வந்தது. ஜப்பானியக் கடற்படையின் ஜே.என்.25 என்ற சங்கேதம் ஐந்து இலக்கத் தொகுதிகளால் ஆனது. அவற்றின்மேல் இன்னோர் எண் வரிசையைக் கூட்டி மறுபடியும் மறைத்திருப்பார்கள். கொழும்பிலிருந்த பிரித்தானியச் சங்கேத நிபுணர்கள் அதில் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்து, இலங்கை தாக்கப்படப் போகிறது என்று மார்ச் முடிவிலேயே எச்சரித்தார்கள். ஏப்ரல் 5 கொழும்பு தாக்கப்பட்டது. 8 ஆம் திகதி கண்காணிப்பு விமானம் ஜப்பானியக் கப்பல்களைக் கண்டதும், திருகோணமலைத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை வெளியே அனுப்பினார்கள். 9 ஆம் திகதி காலை துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு விழுந்தது. வெளியே போன ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அரைகுறையாக வாசித்த சங்கேதம் எல்லாரையும் காப்பாற்றவில்லை. ஆனாலும் அந்த அரைகுறை வாசிப்பே பலர் தலைகள் சேர்ந்ததால் வந்தது.

எழுத்து விளையாட்டு எங்களுக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'யாமாமாநீ யாமாமா' என்று தொடங்கும் திருஞானசம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்தில் ஒவ்வொரு பாட்டும் கடைசியிலிருந்து வாசித்தாலும் அதே பாட்டாக வரும். அதே மூன்றாம் திருமுறையில்தான் எங்கள் கோணமலைக்கு அவர் பாடிய பதிகமும் இருக்கிறது. கோணேசர் கோயிலில் அதைப் பாடுபவர்கள் மற்றதையும் ஒருமுறை பிள்ளைகளுக்குக் காட்டினால் என்ன?

தொலைபேசியில் தேடினால் ஆகாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு தகவலைச் சரிபார்க்கத் தேடலாம், விடையைத் தேடக்கூடாது. அதோடு, கட்டம் நிரப்பும் மென்பொருள்கள் பல தமிழ் எழுத்தைச் சரியாக எண்ணுவதும் இல்லை. 'கூனி' எங்களுக்கு 2 எழுத்து. கணினிக் குறியீட்டிலோ அகரமேறிய எழுத்தும் உயிர்க்குறியும் தனித்தனியாக 4.

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் எங்கள் பிள்ளைகள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் பிள்ளை, பக்கத்துப் பிள்ளை பார்த்துவிடாமல் விடைத்தாளைக் கையால் மூடப் பழகுகிறது. பரீட்சைக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் வாரம் முழுக்கப் பள்ளியிலும் ரியூசனிலும் மூடியே பழகிய கையை எங்கே திறக்கப் பழக்குவது? எங்கள் குழுவுக்கு வந்த புதிதில் அந்தப் பிள்ளை தான் எழுதியதை மறைத்துக்கொண்டுதான் இருந்தாள். இப்போது தாளை நடுவில் தள்ளிவிட்டு, "இது பிழையா இருக்கும், ஆனா பாருங்கோ" என்கிறாள். இதற்காகவே இந்த முற்றம் வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பாடசாலைகளில் தமிழ்த்தினப் போட்டிகளுக்குக் கொடுக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கைப் போட்டி இல்லாத கூட்டுப் புதிருக்கும் கொடுக்கலாம். நூலகங்கள் மாதத்தில் ஒரு பின்னேரம் ஒரு மேசையை ஒதுக்கலாம். தாளும் பென்சிலும் போதும். ஆனால் வயதானவர்களையும் தொழில் செய்பவர்களையும் கட்டாயம் அழைக்க வேண்டும். மாணவர்கள் மட்டும் கூடினால் எல்லாருக்கும் ஒரே பாடப்புத்தகம்தான் தெரிந்திருக்கும்.

உங்கள் ஊரில் யாராவது தொடங்கப் போவதாக இருந்தால் எழுதுங்கள், சேரிடம் கேட்டுப் பழைய புதிர்களை அனுப்பிவைக்கிறேன். இப்போதைக்கு அவர் தந்த ஒரு குறிப்பு, மூன்று எழுத்து: 'கல்லுக்குள் பத்து புகுந்தது, நீந்திப் போனது'. கீழே விடையை எழுதாதீர்கள். எந்த வழியாக யோசித்தீர்கள் என்று எழுதுங்கள், பிழையாக இருந்தாலும் எழுதுங்கள்.