நம்பர் பிளேட்டில் ௧௨௩ வேண்டாம், வாயில் எழுபத்தெட்டு இருந்தால் போதும்

"எந்த மொழிக்கும் இல்லாத எண்கள் தமிழுக்கு உண்டு, தமிழனாக இருந்தால் பகிரவும்" என்று ஒரு நீளப் பட்டியல் மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. கூடவே தமிழ் எண்களை மனப்பாடம் பண்ண "கடுகு உளுந்து ஙனைச்சு சமைச்சு" என்று ஒரு வரி. நல்லதுதான். ஆனால் பகிர்கிறவரிடமே போன் நம்பர் கேளுங்கள், "நைன் ஃபோர் ஃபோர்" என்றுதான் ஆரம்பிப்பார்.

போன வாரம் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஒரு பலசரக்குக் கடை. "எழுவத்தெட்டு ரூவா தம்பி" என்றார் அண்ணாச்சி. எனக்கு முன்னால் நின்றவன் கல்லூரிப் பையன், பேச்செல்லாம் சுத்தத் திருநெல்வேலி. போனில் தொகையை அடிக்கப் போனவன் நிமிர்ந்து, "அறுவத்தெட்டா அண்ணாச்சி?" என்றான். "எழுவத்தெட்டுடே." அப்பவும் பிடிபடவில்லை. அவர் கால்குலேட்டரில் தட்டித் திருப்பிக் காட்டினார். பையனைக் குறை சொல்லவில்லை. கணக்கை அவன் எந்த மொழியில் படித்தானோ அந்த மொழியில்தானே எண் வரும்.

எழுத்து வடிவம் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. பழைய முறையில் 234ஐ ௨௱௩௰௪ என்று எழுத வேண்டும். இரண்டு, நூறு, மூன்று, பத்து, நான்கு என்று வாயால் சொல்வதை அப்படியே எழுதுவது. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறி உண்டு, சுழியம் கிடையாது. கல்வெட்டுக்கும் ஓலைக்கும் அது போதும், பெரிய பெருக்கலைத் தாளில் போட ஆகாது. இப்போது நாம் எழுதும் 1, 2, 3 இந்தியாவில் பிறந்து அரபுக்காரர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனவைதான். அரசியல் சட்டத்தின் 343ஆவது பிரிவும் அவற்றை இந்திய எண்களின் சர்வதேச வடிவம் என்றே சொல்கிறது. அப்புறம் எதற்கு வண்டி நம்பர் பிளேட்டில் 78ஐ ௭௮ என்று எழுதி, வண்ணார்பேட்டையில் அபராதம் கட்டிவிட்டு வந்து இங்கே புலம்புவது?

போகக் கூடாதது எண்ணின் பெயர். இந்தியில் ஒன்று முதல் நூறு வரை ஏறக்குறைய ஒவ்வொன்றையும் தனியாக மனப்பாடம் பண்ண வேண்டும். பிரான்சில் எண்பது என்றால் நாலு இருபது. ஜெர்மன்காரர் இருபத்துநாலை 'நாலும் இருபதும்' என்று திருப்பிச் சொல்லுவார். நமக்கு எழுபது, எட்டு, எழுபத்தெட்டு. முடிந்தது. இடறுகிற இடம் ஒன்பதுதான். எண்பதுக்கு அடுத்து தொண்ணூறு என்று நூறு வந்து உட்கார்ந்திருக்கும், எண்ணூறுக்கு அடுத்து தொள்ளாயிரத்தில் ஆயிரம். இது ஏதோ பேச்சுவழக்குக் கோளாறு இல்லை, தொல்காப்பியமே இதற்கு விதி சொல்கிறது.

ஐ, அம், பல் என்று முடிகிற பேரெண்கள் உண்டென்றும் அதே தொல்காப்பியம் சொல்கிறது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று உரைகாரர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். சரி. ஆனால் சுற்றுகிற பட்டியல்களில் எதற்கு எத்தனை சுழியம் என்பது ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. ஆம்பல் கணக்கில் எந்த அண்ணாச்சி சரக்கு நிறுத்தார்? பெருமைப்படுவதென்றால் பெரிய எண்ணை விட்டுவிட்டுச் சின்ன எண்ணுக்கு வாருங்கள்.

முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி. அரையிலிருந்து பாதி பாதியாக இறங்கி மாகாணியில் பதினாறில் ஒன்றுக்கு வந்து நிற்கிறது. இன்னொரு வரிசை இருபதில் ஒன்றான மாவில் தொடங்குகிறது: மா, அரைமா, காணி, அரைக்காணி, முந்திரி. காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இந்த இரண்டு வரிசையும் சேருகிற இடம்தான் அழகு. நாலு காணி ஒரு மா, ஐந்து காணி ஒரு மாகாணி. மாவோடு காணியைச் சேர்த்தால் மாகாணி, பெயரிலேயே கூட்டல் இருக்கிறது! திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டுச் சுவடியில் இதை ராகம் போட்டுச் சொல்லி வளர்ந்தார்கள். ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் ஓரணா என்பது ரூபாயில் மாகாணி, அதனால் படித்தது மறுநாளே கடையில் உதவியது. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது, மாகாணிக்கு வேலை போயிற்று. நாலணா மட்டும் இருபத்தைந்து பைசாவுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டிருந்தது. 2011இல் அந்தக் காசும் செல்லாமல் போனது.

எங்கள் ஆச்சி அம்பாசமுத்திரம் பக்கம். வயலை அவள் ஏக்கரில் சொல்ல மாட்டாள், கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்பாள், அதாவது அத்தனை விதைநெல் பிடிக்கிற நிலம். இரண்டும் நெல் அளக்கிற அளவுகள். இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை. களத்தில் நெல் அளக்கிறவர் முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார், "லாபம்" என்பார். அடுத்த மரக்கால் விழும்வரை லாபம், லாபம் என்று இழுப்பார், அப்புறம்தான் ரெண்டு. அளக்கும்போது பேச்சுக் கொடுத்தால் ஆச்சிக்குக் கோபம் வரும், எண்ணிக்கை தப்பிவிடுமாம்.

மரக்காலையும் மாகாணியையும் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் கடைக்குப் போய் "ஒன்றேகால் கிலோ" என்று கேட்கட்டும், மீதிச் சில்லறையைத் தமிழில் எண்ணி வாங்கட்டும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் படித்தால் என்ன, வாய்ப்பாட்டை வீட்டில் ஒரு தடவை தமிழில் சொல்லிப் பார்க்க யார் தடுத்தது?

முந்திரி, காணிக்கெல்லாம் 2019இல் ஒருங்குறியில், அதாவது கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துப் பட்டியலில், இடம் கிடைத்துவிட்டது. என் போனில் வெறும் கட்டமாகத்தான் தெரிகிறது, அதனால்தான் மேலே அவற்றையெல்லாம் சொல்லாலேயே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாருக்காவது மாகாணி வாய்ப்பாடு இன்னும் வாயில் வருகிறதா? கேட்டு, வந்தவரைக்கும் கீழே எழுதுங்கள். பாதியில் நின்றாலும் பரவாயில்லை.