ஒரு சமக்குறி படுத்தும் பாடு

நிரலில் ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதி, பத்து லட்சம் தடவை சுற்றுகிறது. கோளாறு வருவதோ 7,43,210-ஆவது சுற்றில். நிரலின் பிழை தேட உதவும் டீபக்கரான ஜிடிபியில் பிரேக்பாயிண்ட் (நிரல் நிற்க வேண்டிய இடம்) போட்டு, வரி எண்ணுக்குப் பின்னால் 'இஃப்' சேர்த்து, சுற்றை எண்ணும் 'ஐ' என்ற மாறி இந்த எண்ணுக்குச் சமமா என்று நிபந்தனை கொடுத்தால் போதுமாம். ஒப்பிட இரண்டு சமக்குறி வேண்டும்; அவசரத்தில் ஒன்றை மட்டும் தட்டிவிட்டால் போச்சு. எச்சரிக்கை எதுவும் வராது. ஒப்பிடாமல் அந்த எண்ணை 'ஐ'க்குள்ளேயே எழுதிவிட்டு, முதல் சுற்றிலேயே நின்று, 'இதோ 743210' என்று காட்டும். திருடனைப் பிடிக்க வந்தவனே பீரோவைக் கலைத்த கதை!

சரியாக எழுதினாலும் நிம்மதி இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் நிரல் நிற்க வேண்டும், டீபக்கர் எழுந்து நிபந்தனையைப் பார்த்து, பொய் என்றால் மறுபடி ஓட விட வேண்டும். நொடியில் முடிகிற லூப் டீ குடித்துவிட்டு வந்தாலும் முடியாது. 'இத்தனை தடவை கண்டுகொள்ளாதே' என்று 'இக்னோர்' எண்ணிக்கை கொடுத்தாலும் இதே கதைதான், ஒவ்வொரு தடவையும் நின்றுதான் எண்ணும். அதற்கு நிரலிலேயே ஒரு 'இஃப்' எழுதி, உள்ளே டீபக்கரிடம் நிரலை நிறுத்தித் தரும் சிக்ட்ராப் சிக்னலை எழுப்பிவிட்டு மறுபடி கம்பைல் செய்வதே மேல்.

ஒப்பிட வேண்டியது சி மொழிச் சரம் (எழுத்துத் தொடர்) என்றால் இன்னும் மோசம். இரட்டைச் சமக்குறி அங்கே நினைவக முகவரியைத்தான் ஒப்பிடும், எழுத்துகளை அல்ல. நிபந்தனை உண்மையாகவே ஆகாது. டாலர், அடிக்கோடு, 'ஸ்ட்ரீக்' என்று ஜிடிபியே தரும் ஃபங்ஷன் இதற்குத்தான். நிரலை வேகமாக்கும் ஓ2 என்ற அமைப்பில் கம்பைல் செய்திருந்தால் அந்த மாறியே 'ஆப்டிமைஸ்டு அவுட்', அதாவது கம்பைலரே நீக்கிவிட்டது என்று வரலாம். பிழை தேடுவதற்கான ஓஜி போட்டுப் பாருங்கள், அதிலும் மாறி கிடைக்காவிட்டால் வேகப்படுத்தலே இல்லாத ஓ0.